போதும் என்று சொல்லத் தெரியாத விருந்தாளி

கிட்ட வந்து உட்காருங்கள். சின்னவர்கள் முன்னால், பெரியவர்கள் பின்னால். தூக்கம் வருகிறவர்கள் சுவரோரம் சாய்ந்துகொள்ளலாம், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

கடலில் பாய்மரங்கள் மட்டுமே ஓடிய காலம் அது. காற்று சம்மதித்தால் கப்பல் கிளம்பும், காற்று திரும்பினால் கப்பல் திரும்பும். அந்தக் காலத்தில் பவளந்துறை என்றொரு பட்டினம் இருந்தது. அந்தப் பட்டினத்தில் சாத்தப்பன் செட்டியார் என்று ஒரு மிளகு வணிகர் இருந்தார்.

அவரிடம் மிளகு நிறைய இருந்தது. வீடு பெரியதாக இருந்தது. மனசு அதைவிடப் பெரியதாக இருந்தது. கெட்ட மனிதர்களைப் பற்றிக் கதை சொல்வது சுலபம், அவர்கள் கெட்டது செய்வார்கள், கடைசியில் பட்டுத் தெளிவார்கள். இந்தச் செட்டியாரோ நல்லவர். அதனால்தான் இந்தக் கதையைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

செட்டியாருக்கு விருந்து போடுவதில்தான் உயிர். கப்பலில் வந்தவர், காலால் நடந்து வந்தவர், வழி தவறி வந்தவர் என்று எல்லாருக்கும் அவர் வீட்டில் இலை உண்டு. அந்த வீட்டில் சாப்பிட்ட ஒருவரும் நேராக நடந்து வெளியே போனதில்லை. ஒரு கையால் சுவரையும் ஒரு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டுதான் போவார்கள்.

உலகத்துச் சொற்களெல்லாம் செட்டியாருக்குத் தெரியும். ஒரே ஒரு சொல் மட்டும் அவர் காதில் ஏறியதில்லை. அது 'போதும்' என்ற சொல்.

விருந்தாளி போதும் என்றால், இன்னும் கொஞ்சம் கேட்கிறார் என்று எடுத்துக்கொள்வார். வேண்டாம் என்றால், கூச்சப்படுகிறார் என்று எடுத்துக்கொள்வார். ஐயோ என்றால், சமையல் பிரமாதம் என்று எடுத்துக்கொள்வார். இலைக்குக் குறுக்கே கையை நீட்டி மறைத்தால் கைமேல் நெய் விழும். ஒருமுறை சுங்க அதிகாரி ஒருவர் அப்படி மறைக்கப்போய், கொதிக்கிற ரசம் விழுந்து கை கொப்பளித்துவிட்டது. செட்டியார் பதறிப்போய்த் தாமே மருந்து போட்டுவிட்டார். மருந்து போட்ட கையோடு அவரை மறுபடியும் இலையில் உட்காரவைத்துப் பாயசம் ஊற்றினார்.

ஊரில் யாரும் இதைத் தவறென்று சொல்லவில்லை. சொல்லப்போனால் எல்லா வீட்டிலும் கொஞ்சம் அப்படித்தான். விருந்தாளி வேண்டாம் என்பதும், வீட்டுக்காரர் விடாமல் வைப்பதும் அந்த ஊரின் மரியாதை. செட்டியார் அந்த மரியாதையில் மற்றவர்களைவிட நாலு அடி முன்னால் நின்றார், அவ்வளவுதான்.

அவர் மனைவி பெயர் உமையாள். சமைக்க வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். ஆனால் பரிமாறுவது வீட்டுக்காரி கையாகத்தான் இருக்க வேண்டும் என்பது செட்டியாரின் பிடிவாதம். அவர் நெய்யும் பாயசமும் மட்டும் எடுத்துக்கொண்டு பின்னால் வருவார். பந்தியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை குனிந்து, நிமிர்ந்து, குனிந்து, நிமிர்ந்து உமையாள் பரிமாறுவாள். முகம் சுளித்ததில்லை. ஒரு வார்த்தை சொன்னதாக யார் காதிலும் விழுந்ததில்லை. அவளைப் போல விருந்தினரை விரும்புகிறவள் இந்தப் பட்டினத்திலேயே இல்லை என்று செட்டியார் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

ஒருநாள் மீரான் என்ற கப்பல் தண்டல் செட்டியார் வீட்டுக்கு வந்தார். தண்டல் என்றால் கப்பலோட்டிகளுக்குத் தலைவர். செட்டியாரின் மிளகு மூட்டைகளைக் கடல் தாண்டிக் கொண்டுபோகிறவர். அன்றைக்கு அவர் கையில் ஒரு கூடை இருந்தது. கூடைக்குள் வைக்கோல் இருந்தது. வைக்கோலுக்குள் ஒரு பிராணி இருந்தது.

எலி என்று சொல்லலாம், ஆனால் வால் இல்லை. முயல் என்று சொல்லலாம், ஆனால் காது நீளமில்லை. தூரத்து நாட்டுக்காரர்கள் அதைப் பன்றி என்கிறார்களாம். உள்ளங்கை இரண்டும் சேர்ந்தால் கொள்ளும் அளவுள்ள அதைப் பார்த்துப் பன்றி என்று சொல்ல எப்படி மனம் வந்ததோ. உடம்பில் பாதி பழுப்பு, பாதி வெள்ளை. கண் இரண்டும் கருமிளகு. நாம் இப்போது கினிப்பன்றி என்கிறோமே, அதுதான்.

மீரான் அதற்குச் சுக்கான் என்று பெயர் வைத்திருந்தார். சுக்கான் என்பது கப்பலின் வால்பக்கம் இருந்து திசை திருப்பும் பலகை. வாலே இல்லாத பிராணிக்கு இப்படிப் பெயர் வைத்தது கப்பல்காரர்களின் குறும்பு.

"செட்டியாரே, ஒங்கள்ட்ட ஒரு ஒதவி" என்றார் மீரான். "போன வட்டம் கடல்ல காத்து செத்துப்போச்சு. ரொம்ப நாள் பச்சைன்னு ஒரு தழை கெடைக்கல. நாங்க கருவாட்டத் தின்னு பொழச்சுக்கிட்டோம். இதுக்கு எலும்புல நோவு வந்துடுச்சு. மறுபடியும் கடல்ல கொண்டுபோனா செத்துப்போயிரும். நான் திரும்பி வர்ற வரைக்கும் ஒங்க வீட்டுல வெச்சுக்கங்க."

"இதெல்லாம் ஒரு ஒதவியா? விருந்தாளின்னு வந்துட்டா மிளகா இருந்தா என்ன, மலையா இருந்தா என்ன! கொடுங்க இங்க" என்றார் செட்டியார்.

மீரான் கூடையை உடனே கொடுத்துவிடவில்லை. "மூணே மூணு சங்கதி. பச்சப் புல்லு குடுங்க, வேற ஒண்ணும் வேணாம். தரையிலயே வுடுங்க, தூக்காதீங்க, தூக்குனா நோகும். சந்தோஷமா இருந்தா சீட்டி அடிக்கும். சத்தமில்லாம இருந்தா என்னமோ சரியில்லைன்னு அர்த்தம். அவ்வளவுதான். இதுக்கு மேல ஒங்களுக்குச் செரமம் குடுக்க மாட்டேன்."

செட்டியார் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே மனசுக்குள் சிரித்துக்கொண்டார். 'எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! எல்லாரும் இப்படித்தான். எதுக்குங்க செரமம், ஒரு வாய் தண்ணி போதுங்க என்பார்கள். இந்த மனுஷன் தன் பிராணிக்காக அவனே கூச்சப்படுகிறான்.'

மீரான் சொன்னது கூச்சமில்லை, குழந்தைகளே, அது மருந்து. ஆனால் வாழ்நாளெல்லாம் 'வேண்டாம்' என்பதைக் கூச்சம் என்றே கேட்டுப் பழகிய காதுக்கு, உண்மையான வேண்டாம் எது என்று எப்படித் தெரியும்?

மீரான் குனிந்து சுக்கானிடம் மெல்லச் சீட்டி அடித்தார். சுக்கான் பதிலுக்குச் சீட்டி அடித்தது. பிறகு அவர் போய்விட்டார். காற்று சம்மதித்தது, கப்பல் கிளம்பிவிட்டது.

முதலில் செட்டியார் சுக்கானுக்குச் சாப்பாடு போட்டார். தலைவாழை இலையில் நெய்ச்சோறு, தேங்காய்ப்பால், கற்கண்டு போட்ட பொங்கல். புல் போடவில்லை. விருந்தாளிக்குப் புல் போட்டால் ஊர் சிரிக்காதா? சுக்கான் பசிக்குக் கொஞ்சம் நக்கியது. பிறகு சோற்றை விட்டுவிட்டு இலையின் பச்சை ஓரத்தைக் கடித்துத் தின்றது. "பாத்தியா உமையா, நம்ம வீட்டு ருசி எலையில கூட ஒட்டிக்கிச்சு" என்று செட்டியார் சிரித்தார். அன்றைக்குச் சுக்கான் சத்தம் போடவில்லை. செட்டியாருக்குச் சந்தோஷம்.

அடுத்து அவர் அதற்கு இருக்கை கொடுத்தார். விருந்தாளியைத் தரையில் விடுவதா? நடுவீட்டு ஊஞ்சலில் பட்டு மெத்தை போட்டு, இரண்டு கையாலும் சுக்கானைத் தூக்கி அதன்மேல் வைத்தார். வருகிறவர்கள் போகிறவர்களெல்லாம் தூக்கிப் பார்த்தார்கள், மடியில் வைத்தார்கள், முதுகைத் தடவினார்கள். யார் தூக்கினாலும் சுக்கான் அசையாமல் இருந்தது. "எவ்வளவு சாது பாருங்க" என்றார்கள் வந்தவர்கள். சுக்கான் சத்தம் போடவில்லை. செட்டியாருக்கு இன்னும் சந்தோஷம்.

மூன்றாவதாக அவர் வைத்தியம் பார்த்தார். எலும்பு வைத்தியர் கருத்திருமன் வந்து, சுக்கானின் காலை ஒரு விரலால் தொட்டார், உடனே விரலை எடுத்துக்கொண்டார். "செட்டியாரே, முறிஞ்சிருந்தா கட்டுப் போடலாம். இது எலும்பே உள்ளுக்குள்ள மெலிஞ்சு போற நோவு. தீராது. தொடாம இருந்தாலே பாதி மருந்து" என்றார்.

"சும்மா போகக் கூடாது வைத்தியரே. ஏதாச்சும் செஞ்சுட்டுப் போங்க" என்றார் செட்டியார்.

வைத்தியர் வேண்டாம் என்றார். அந்த வேண்டாம் செட்டியார் காதில் எப்படி விழுந்திருக்கும் என்றுதான் நமக்குத் தெரியுமே. வைத்தியர் அன்றைக்கு அந்த வீட்டில் சாப்பிட்டிருந்தார். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்காரர் பேச்சைத் தட்ட அவரால் முடியவில்லை. வெதுவெதுப்பான எண்ணெயை எடுத்து, நோகாமல் தேய்ப்பதாக நினைத்துக்கொண்டு, காலையும் முதுகையும் தேய்த்துவிட்டார். மறுநாளிலிருந்து செட்டியாரே தேய்த்தார். தேய்க்கும்போது சுக்கான் பல்லை நறநறவென்று கடிக்கும். "சொகத்துல பாடுது" என்பார் செட்டியார். மற்றபடி சுக்கான் சத்தம் போடவில்லை. செட்டியாரின் சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

இப்படியே நாள் போயிற்று. மீரான் தண்டல் சொன்ன மூன்றில் ஒன்றைக்கூட அவர் செய்யவில்லை. ஆனால் பட்டினத்தில் ஒரு பிராணியை அவரைப் போல யாரும் பார்த்துக்கொள்ளவில்லை என்று ஊரே சொன்னது.

ஒரு காலையில் மாட்டுக்குப் போட வாங்கிய அகத்திக்கீரைக் கட்டை யாரோ ஊஞ்சலுக்குக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். செட்டியார் அப்போது விருந்தாளிகளை வரவேற்று வாசலில் நின்றார். சுக்கான் பட்டு மெத்தையின் ஓரத்துக்கு வந்தது. பச்சை வாசனை மூக்கில் ஏறியிருக்க வேண்டும். எத்தனையோ நாளாகத் தன் உடம்பு கேட்டுக்கொண்டிருந்த பொருள் அங்கே கீழே கிடந்தது. சுக்கான் எட்டிப் பார்த்தது. ஊஞ்சல் ஆடியது. சுக்கான் விழுந்தது.

அப்போதுதான் அந்த வீட்டில் அது முதன்முதலாகக் கத்தியது. சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம் வரும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. விருந்தாளிகள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

செட்டியார் ஓடி வந்து தூக்கக் கையை நீட்டினார். அந்தக் கையைப் பார்த்ததும் சுக்கான் கத்துவதை நிறுத்திவிட்டது. அசையாமல் கிடந்தது. பல்லை மட்டும் நறநறவென்று கடித்தது.

"தூக்காதீங்க!" என்றாள் உமையாள். அவள் அந்த வீட்டில் குரலை உயர்த்தியதும் அன்றைக்குத்தான்.

அவள் தரையில் உட்கார்ந்தாள். முதலில் தூணைப் பிடித்தாள். பிறகு ஒரு கையைத் தரையில் ஊன்றினாள். மூச்சை அடக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு காலை மடக்கி மெல்ல இறங்கினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு சத்தமும் வரவில்லை.

செட்டியார் அவளைப் பார்த்தார். பிறகு சுக்கானைப் பார்த்தார். மறுபடியும் அவளைப் பார்த்தார்.

"உமையா, ஒனக்குக் கால்ல என்ன?"

"முட்டி வலி."

"எப்பத்துலருந்து?"

"அது ஆச்சு வருஷக்கணக்கா. பந்தியில குனிஞ்சு குனிஞ்சு வந்தது."

"சொல்லவே இல்லையே நீ!"

"சொன்னேன். ஒரு தடவ சொன்னப்ப யாருக்கோ நெய் விட்டுக்கிட்டு இருந்தீங்க. இன்னொரு தடவ, ஒனக்கு என்ன, நீ சிரிச்ச முகமாத்தான இருக்கேன்னீங்க. அப்புறம் சொல்லல." உமையாள் அகத்திக்கீரையில் ஒரு கொத்தை ஒடித்துச் சுக்கானின் வாய்க்கு எட்டும் தூரத்தில் வைத்தாள். "வலிக்கிறவங்க எல்லாம் கத்துவாங்கன்னு நெனச்சீங்களா? கத்துனா யாராச்சும் கேப்பாங்கன்னு நம்பிக்கை இருந்தாத்தான் கத்தத் தோணும். தண்டல் போனப்பறம் இது சீட்டி அடிச்சுச்சா? ஒரு நாளாச்சும்?"

செட்டியாருக்கு மீரான் சொன்ன மூன்றாவது சங்கதி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சத்தமில்லாம இருந்தா என்னமோ சரியில்லைன்னு அர்த்தம். ஊரெல்லாம் போய்ச் சாது, சாது என்று பெருமை பேசிய நாட்களெல்லாம் அந்தப் பிராணி வலியில் பேச்சற்றுக் கிடந்திருக்கிறது. வாசலில் நின்ற விருந்தாளிகளை அன்றைக்கு அவர் உள்ளே கூப்பிடவில்லை.

இனிமேல்தான், கேட்பவர்களே, செட்டியாருக்கு உண்மையான சோதனை. இதுவரை கொடுத்துக் கொடுத்துப் பேர் வாங்கியவர், இப்போது கையை எடுக்கப் பழக வேண்டும்.

ஊஞ்சலைக் கழற்றினார். வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், வெயில் எட்டிப் பார்க்கும் ஒரு மூலையில் தரையோடு தரையாக வைக்கோல் பரப்பினார். அருகம்புல்லைத் தாமே அறுத்துவந்து, அலசி, அரிவாள்மணையில் பொடியாக நறுக்கினார். கொத்தமல்லித் தழை வைத்தார். நெல்லிக்காயைச் சிறு கீற்றாகச் சீவி வைத்தார். சுக்கான் நடந்து வரவேண்டிய அவசியமில்லாமல் எல்லாவற்றையும் அதன் வாயருகே வைத்தார்.

சுக்கான் தின்னவில்லை.

ஏன் தின்னவில்லை? அவர் கை பக்கத்தில் இருந்தது. அந்தக் கை என்றால் தூக்கும், தடவும், எண்ணெய் தேய்க்கும் என்று அதற்குத் தெரியும். செட்டியார் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சுக்கான் தின்னவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். சுக்கான் தின்னவில்லை. எழுந்து தள்ளிப்போய்த் தூணுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். இலையில் வைத்தது அப்படியே கிடக்க, 'சாப்பிடு' என்று சொல்லாமல் உட்கார்ந்திருப்பது அந்த மனிதருக்கு எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தூணுக்கு இந்தப் பக்கம் மெல்ல ஒரு சத்தம் கேட்டது. நறுக், நறுக் என்று புல் மெல்லும் சத்தம். எத்தனையோ பேர் அவர் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார்கள். யார் சாப்பிட்டும் செட்டியாருக்கு அப்படி அழுகை வந்ததில்லை.

அப்புறம் தினமும் அப்படித்தான். உமையாள் பழைய துணியை உருட்டிச் சுருணை செய்து கொடுத்தாள். செட்டியார் அதை வெயிலில் போட்டுச் சூடாக்கிச் சுக்கானுக்குப் பக்கத்தில் வைப்பார். வேண்டுமென்றால் அதுவாகச் சாய்ந்துகொள்ளும், வேண்டாமென்றால் தள்ளிப் போகும். தள்ளிப் போனால் சுருணையை எடுத்துவிடுவார். ஈரமான வைக்கோலை மாற்றும்போது ஒரு பக்கமாக மாற்றி, அது தானாக அந்தப் பக்கம் நகரும்வரை காத்திருந்து, பிறகு மறுபக்கம் மாற்றுவார். நோவு அதிகமான நாட்களில் புல்லை இன்னும் பொடியாக நறுக்குவார். மழைநாளில் சாக்கைக் கட்டிச் சாரலை மறைப்பார். தொடுவதில்லை.

ஒரு காலையில் அவர் அரிவாள்மணையை விரித்து முதல் பிடிப் புல்லை நறுக்கினார். சரக், சரக் என்றது. மூலையிலிருந்து ஒரு சீட்டி கேட்டது. வீக், வீக், வீக்!

செட்டியார் கையை நிறுத்தினார். உமையாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். சுக்கான் மூக்கைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் சீட்டி அடித்தது. பிறகு பின்னங்கால்களை இழுத்து இழுத்து அதுவாகவே அவரிடம் வந்து, தாடையை அவர் கால் பெருவிரல்மேல் வைத்துக்கொண்டது.

கதை இந்த இடத்தில் முடிந்தால் நன்றாக இருக்கும். எனக்கும் அந்த ஆசைதான். ஆனால் வைத்தியர் சொன்னதை மறந்துவிடாதீர்கள். அது தீராத நோவு. பச்சை இல்லாமல் கடலில் கெட்டது பாதி. பச்சை இருந்தும் கொடுக்காமல், தூக்கியும் தேய்த்தும் செட்டியார் வீட்டில் கெட்டது பாதி. விழுந்ததில் பின்னங்கால்களில் வந்த பலவீனம் திரும்பப் போகவே இல்லை. மழைக்காலம் முடிவதற்குள் சுக்கானால் நகர முடியாமல் போயிற்று. அப்போதும் அரிவாள்மணைச் சத்தம் கேட்டால் படுத்தபடியே சீட்டி அடித்தது. நாளாக ஆக அந்தச் சீட்டி சிறுத்துக்கொண்டே வந்தது. செட்டியார் நெல்லிச்சாற்றை ஒரு வெற்றிலைக் காம்பில் நனைத்து அதன் உதட்டருகே பிடிப்பார். அது நக்கினால் இன்னொரு சொட்டு. முகத்தைத் திருப்பிக்கொண்டால் கையை எடுத்துவிடுவார்.

ஒரு பனிக்காலக் காலையில் வெயில் வளவுக்குள் இறங்கிய நேரம். செட்டியார் சுக்கானுக்குப் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். அதன் தாடை அவர் பாதத்தின்மேல் இருந்தது. அப்படியே அது மூச்சை விட்டுவிட்டது. வெகுநேரம் வரை அவர் காலை அசைக்கவில்லை. வாசலில் யார் யாரோ வந்து கூப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ஊர்க்காரர்கள் வந்து ஆறுதல் சொன்னார்கள். "நெய்ச்சோறு என்ன, பட்டு மெத்தை என்ன, ராஜா மாதிரி வச்சிருந்தீங்க. ஒங்க மேல என்ன தப்பு? வயசாகிப் போயிருச்சுன்னு தண்டல்கிட்ட சொல்லிருங்க. அவர் என்ன, பாத்துக்கிட்டா இருந்தார்?" என்றார்கள்.

காற்று திரும்பியது. கப்பலும் திரும்பியது.

மீரான் தண்டல் துறைமுகத்திலிருந்து நேரே வந்தார். கையில் ஒரு கட்டுப் பச்சைப் புல் இருந்தது, வழியில் எங்கோ பிடுங்கியிருக்கிறார். தெருமுனையிலேயே நின்று வாயைக் குவித்துச் சீட்டி அடித்தார். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். இன்னொரு தரம் அடித்தார். பிறகு அடிக்கவில்லை. மெதுவாக நடந்து வீட்டுக்குள் வந்தார்.

செட்டியார் வளவில் எழுந்து நின்றார். வயசு என்று சொல்லிவிடலாம். நோவு என்று சொல்லிவிடலாம், அதில் பொய்யும் இல்லை. செட்டியார் இரண்டையும் சொல்லவில்லை.

"தண்டல், நீங்க மூணு சங்கதி சொன்னீங்க. நான் ஒண்ணக்கூடக் கேக்கல. புல்லுக்குப் பதிலா நெய்ச்சோறு போட்டேன். தரைக்குப் பதிலா ஊஞ்சல்ல வச்சேன். சத்தமில்லாம இருந்தத நல்லாருக்குன்னு நெனச்சேன். ஊஞ்சல்லருந்து விழுந்த அன்னைக்குத்தான் எனக்குப் புத்தி வந்துச்சு. அதுக்கப்பறம் நீங்க சொன்ன மாதிரிதான் பாத்துக்கிட்டேன். கடைசியில சீட்டி அடிச்சுச்சு. ஆனா நேரம் போயிருச்சு. இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கும். நோவு கொறைவாவும் இருந்திருக்கும். அந்த நாள நான்தான் கெடுத்தேன்."

மீரான் புல்கட்டை அந்த வைக்கோல் மூலையில் வைத்தார். அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "சீட்டி அடிச்சுச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"அடிச்சுச்சு. புல்லு நறுக்குற சத்தம் கேட்டா அடிக்கும்."

"அப்படின்னா சரி" என்றார் மீரான். "நானும்தான் பச்ச எடுத்துக்காம கடல்ல போனேன். ஒங்கள மட்டும் என்ன சொல்றது."

உமையாள் இலை போட்டாள். மீரான் உட்கார்ந்தார். அன்றைக்குச் செட்டியார் உமையாளை உட்காரச் சொல்லிவிட்டுத் தாமே சோற்றுக் கரண்டியை எடுத்தார். மீரான் நாலு வாய் சாப்பிட்டார். செட்டியார் கரண்டி நிறையச் சோறு அள்ளி இலைக்கு மேல் கொண்டுவந்தார்.

மீரான் இலைக்குக் குறுக்கே கையை நீட்டினார். "போதும், செட்டியாரே."

கரண்டி காற்றில் நின்றது. வாழ்நாள் பழக்கம் முழுவதும் அந்தக் கரண்டியைக் கீழே சாய்க்கச் சொன்னது. அவர் அந்த விரிந்த கையைப் பார்த்தார். கையை எடுக்கும்வரை தின்னாத ஒரு விருந்தாளி அவர் நினைவுக்கு வந்தது. கரண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டுபோய்ப் பாத்திரத்தில் வைத்தார்.

"சரிங்க" என்றார்.

அந்த வீட்டில் முதல்முறையாக ஒரு மனிதர் நேராக நடந்து வெளியே போனார்.

மீரான் போனபிறகு செட்டியார் அடுப்படிக்குப் போனார். உமையாள் பாத்திரங்களை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். அவர் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"உமையா, ஒனக்கு என்ன வேணும்?"

உமையாள் திரும்பிப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து யாரும் அவளிடம் கேட்காத கேள்வி அது. தனக்கு என்ன வேண்டும் என்று அவளுக்கே தெரியவில்லை.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

பட்டுச்சேலை, வெள்ளிச் செம்பு, முட்டிக்குத் தைலம் என்று செட்டியாரின் நாக்கு நுனிவரை எத்தனையோ வந்தன. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டுக் காத்திருந்தார்.

"கொஞ்ச நேரம் உக்காரணும்" என்றாள் உமையாள் கடைசியில். "யாருக்கும் ஒண்ணும் வைக்காம, சும்மா."

செட்டியார் மெத்தை எடுத்துவரப் பாதி எழுந்துவிட்டார். பிறகு மறுபடியும் உட்கார்ந்தார். உமையாள் வளவுக்கு வந்து தூணைப் பிடித்து, கையை ஊன்றி, இறங்கும்போது "அம்மாடி, வலிக்குதே" என்று வாய்விட்டுச் சொன்னாள். சொல்லிவிட்டு வளவின் வெயிலில் கால் நீட்டிச் சாய்ந்துகொண்டாள். வைக்கோல் மூலையில் மீரான் வைத்த புல் வாடத் தொடங்கியிருந்தது. செட்டியாரும் பின்னாலேயே வந்தார், இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

செட்டியார் அதற்குப் பிறகும் விருந்து போட்டார். ஆனால் பந்தியில் முதலில் காது, அப்புறம்தான் கரண்டி. அப்படி மாறியதற்கு அவருக்கு ஆன செலவு ஒரு சின்ன உயிரும் ஒரு பெண்ணின் முழங்கால்களும். அவை இரண்டும் திரும்பக் கிடைக்கவில்லை.

கதை அவ்வளவுதான், எழுந்திருக்கலாம். எழுந்திருக்கும்போது இதை மட்டும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்: வலியில் இருப்பவருக்கு நமக்குக் கொடுக்கப் பிடித்ததைக் கொடுப்பது அன்பு ஆகாது, அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, அதை மட்டும் கொடுத்து, போதும் என்றால் கையை எடுத்துக்கொள்வதே அன்பு.